ஸ்டாம்ப் வைத்து வாழ்த்து அட்டை: ஒரு படம், ஒரு வரி, மீதியெல்லாம் வெள்ளை

கையால் செய்யும் வாழ்த்து அட்டை என்றதும் பலரும் நேராகப் போய் நிற்பது ஃபேன்சி ஸ்டோரில்தான். ஜிகினா, முத்து, சாட்டின் ரிப்பன், ஒட்டுப்பூ, நாலைந்து கலர் சார்ட் என்று வாங்கி வந்து அத்தனையையும் ஒரே அட்டையில் ஏற்றிவிட்டு, கடைசியில் அது எந்த உறையிலும் நுழையாமல், நேரில் போய்க் கொடுத்தால்தான் உண்டு என்று ஆகிவிடுகிறது. நான் சொல்லப்போவது அதற்கு நேர் எதிர். வெள்ளை அட்டை, அதில் ஸ்டாம்ப் வைத்துக் குத்திய ஒரு படம், பக்கத்தில் ஒரு வரி வாழ்த்து. அவ்வளவுதான். முக்கால் அட்டை காலியாகவே இருக்கட்டும். அந்தக் காலி இடம்தான் படத்தை எடுத்துக் காட்டும், அதில் கை வைக்காமல் இருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

முதலில் தாள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பள்ளிக்கூட சார்ட் மெலிசு, மேசையில் நிமிர்த்தி வைத்தால் நிற்காமல் குனிந்துவிடும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களுக்கு கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் குறைவே இல்லை, அங்கே கேளுங்கள் (முகூர்த்த மாதத்தில் போனால் உங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட அவர்களுக்கு நேரம் இருக்காது, கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள்). 250 அல்லது 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்கிற கணக்கு), பளபளப்பு இல்லாத ஐவரி போர்டு என்று சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆர்ட் போர்டு என்று வழவழவென்று ஒன்றைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதன்மேல் சாதாரண ஸ்டாம்ப் இங்க் லேசில் காயாது, விரல் பட்டால் இழுத்துக்கொண்டு வரும். பெரிய ஷீட்டை அவர்களுடைய கட்டிங் மெஷினிலேயே ஏ4 அளவுக்கு வெட்டி வாங்கிவிட்டால் ஓரம் பிசிறில்லாமல் இருக்கும். வீட்டில் கத்தரிக்கோலால் அந்த நேர்த்தி வராது, வெறுமையான அட்டையில் ஓரம் கொஞ்சம் கோணினாலும் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

தாளுக்கு நார் ஓட்டம் என்று ஒன்று உண்டு, அதன் இழைகள் ஓடும் திசை. நாரோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், நாருக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து வெள்ளையாகப் பிசிறு தெரியும். தாளை ஒரு முறை நீளவாக்கிலும் ஒரு முறை குறுக்குவாக்கிலும் உடையாமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வளைவு சுலபமாக வருகிறதோ அந்த வளைவின் கோட்டில்தான் நார் ஓடுகிறது, மடிப்பும் அதே கோட்டில்தான் வர வேண்டும். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். பெரும்பாலும் நார் 297 பக்கமாக ஓடும். அந்த நீளத்தைப் பாதியாக வெட்டினால் 148க்கு 210 என்று இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் 210 பக்கத்தின் நடுவில், அதாவது 105இல் மடித்தால், 105க்கு 148 அளவில் அட்டை ரெடி, மடிப்பும் நாரோடு போகும். ஒரு தாளில் இரண்டு அட்டை, துளி வீணில்லை. அதே ஏ4ஐ நீளமாகக் கிழித்து இரண்டு பட்டையாக்கி மடித்தாலும் இதே அளவுதான் வரும், ஆனால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும், அதனால் அப்படிச் செய்யாதீர்கள்.

மடிக்கும் இடத்தில் ஸ்கேல் வைத்து, இங்க் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் வெளிப்பக்கம் அழுத்தி ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். பள்ளம் வெளியே இருக்கிற மாதிரி மடித்து, ஸ்பூன் முதுகால் ஒரு தேய்ப்பு. ஆனால் மடிப்பு கடைசி வேலை. ஸ்டாம்ப் குத்தும்போது தாள் தட்டையாக, ஒரே கனமாக இருக்க வேண்டும்.

இனி ஸ்டாம்ப். ஆன்லைனில் அக்ரிலிக் கட்டையில் ஒட்டிக் குத்துகிற, கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் ஸ்டாம்ப்கள் நிறையக் கிடைக்கின்றன, நன்றாகவும் இருக்கும். ஆனால் அதில் வரும் படங்கள் பெரும்பாலும் பனிமனிதன், கிறிஸ்துமஸ் மரம், யாரும் இங்கே பார்த்திராத பூக்கள். நம் ஊர்ப் படம் வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். அதற்கு 5 ரூபாய் ரப்பர் போதும், பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பர்தான்.

ராகிக் கதிரை எடுத்துக்கொள்வோம், கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் பார்க்காதவர் கிடையாது. கதிர் முழுவதையும் செதுக்க வேண்டாம், கைவிரல் போலப் பிரிந்து நிற்பதில் ஒரே ஒரு விரல் போதும். இரண்டரை சென்டிமீட்டர் நீளம், அடி மெலிந்து, நுனி உள்பக்கமாகச் சுருண்ட ஒரு வளைவு. அதை பட்டர் பேப்பரில் 2பி பென்சிலால் அழுத்தி வரைந்து, வரைந்த பக்கத்தை ரப்பர்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் கோடு ரப்பரில் ஏறிவிடும். ஏறும்போது இடம் வலமாகத் திரும்பும், குத்தும்போது மறுபடி திரும்பி நீங்கள் வரைந்தபடியே விழும். எழுத்து செதுக்கினாலும் இப்படித்தான் செய்ய வேண்டும், நேராக ரப்பர்மேலேயே எழுதிச் செதுக்கினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறித்தான் வரும்.

செதுக்க லினோ கட்டர் என்கிற சின்ன உளி இருந்தால் நல்லது, இல்லையென்றால் பேப்பர் கட்டர் பிளேடு போதும். கோட்டை ஒட்டி வெட்டும்போது பிளேடை வெளிப்பக்கம் சாய்த்து வெட்டுங்கள், மேல் குறுகலாகவும் அடி அகலமாகவும் நிற்க வேண்டும். உள்பக்கம் சரித்து வெட்டினால் அடியில் பிடிமானம் இல்லாமல், குத்தும்போது அந்த விளிம்பு மடங்கி இரட்டைக் கோடாக விழும். வளைவில் பிளேடைத் திருப்பாதீர்கள், பிளேடை அசையாமல் பிடித்துக்கொண்டு ரப்பரைத் திருப்புங்கள், வளைவு வழுக்கிக்கொண்டு வரும். ராகி மணிகளுக்கு, காலி ரீஃபில் குழாயைக் குறுக்கே வெட்டி அதன் வாயை ரப்பரில் அழுத்தி ஒரு திருகு திருகினால் குட்டிக் குட்டி வட்டங்கள் கிடைக்கும். நெருக்கமாக வேண்டாம், இங்க் அடைத்துக்கொள்ளும். குழந்தைகள் கூட இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விடலாம், பிளேடை மட்டும் கொடுக்காதீர்கள்.

வாழ்த்து வரிக்கு வேறு வழி. தமிழ் எழுத்தைக் கையால் செதுக்குவது பெரிய பொறுமை கேட்கும் வேலை, அதனால் கோர்ட், தாலுகா ஆபீஸ் பக்கம் இருக்கிற ரப்பர் ஸ்டாம்ப் கடையில் கொடுத்துவிடலாம். சீலும் கையெழுத்து ஸ்டாம்பும் செய்பவர்கள் ‘அன்புடன்’ என்று ஒன்று செய்து தர மாட்டார்களா என்ன. ஒளி பட்டால் இறுகுகிற பாலிமரில் நெகட்டிவ் வைத்துச் செய்கிறார்கள், ஒளி படாத இடம் கழுவும்போது போய்விடும். அதனால் கறுப்பு, வெள்ளை இரண்டுதான், பென்சில் ஷேடிங் வராது, மயிரிழைக் கோடு நிற்காது. எழுத்து தடிமனாக, ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் கேளுங்கள். சின்னதாகச் செய்தால் ண, ணை போன்ற எழுத்துகளின் சுழியில் இங்க் நிறைந்து கறுப்பு உருண்டையாகிவிடும், புள்ளி பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கையெழுத்து நன்றாக இருப்பவர்கள் இதெல்லாம் இல்லாமல் பேனாவிலேயே எழுதிவிடலாம், எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

இங்க் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஆபீஸ் இங்க் பேட் சாய வகை. தாளுக்குள் ஊறிச் சீக்கிரம் காயும், ஆனால் தண்ணீர் பட்டால் கரையும், வெயிலில் வைத்தால் வெளுக்கும். கிராஃப்ட் சாமான் விற்கிற இடத்தில் பிக்மென்ட் இங்க் கிடைக்கும், அது தாளின் மேலேயே நின்று நிறம் அழுத்தமாக வரும், காய நேரம் எடுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இரவு முழுக்க விட்டுவிடுவது நல்லது. எதுவுமே இல்லையென்றாலும் பரவாயில்லை, தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் ஸ்டாம்ப்மேலேயே நேராக வண்ணம் பூசி, வாயால் ‘ஹா’ என்று ஒரு முறை ஊதி ஈரமாக்கிக் குத்தினால் அழகாக விழும். ரப்பரில் வண்ணம் முத்து முத்தாக உருண்டு நின்றால், மெல்லிய உப்புத்தாளால் ஸ்டாம்ப் முகத்தை ஒரு தேய்ப்பு தேய்த்துவிடுங்கள், பிடித்துக்கொள்ளும். ஒரே ஸ்டாம்பில் இரண்டு வண்ணம் பூசலாம் என்பது இதில் கூடுதல் வசதி. மாம்பழம் ஒன்று செதுக்கி, உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, காம்புப் பக்கம் சிவப்பைத் தொட்டுக் குத்தினால் அசல் செந்தூரா. மூக்கைக் கொஞ்சம் நீட்டிச் செதுக்கிப் பச்சை பூசினால் பெங்களூரா. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையே இல்லை.

குத்தும்போது ஸ்டாம்பை இங்க் பேடில் போட்டு அமுக்காதீர்கள். லேசாக நாலைந்து தட்டு தட்டினால் போதும். அமுக்கினால் பள்ளத்திலும் இங்க் இறங்கி, படத்தைச் சுற்றி வேண்டாத கறை விழும். வெள்ளை அட்டையில் அந்தக் கறையை மறைக்க வழியே கிடையாது. கடையில் செய்த ஸ்டாம்புக்கு, தாளுக்கடியில் நாலைந்து பழைய நாளிதழோ மௌஸ் பேடோ வைத்துக்கொள்ளுங்கள். அழிரப்பர் தானே மெத்தென்று இருப்பதால் கெட்டியான மேசையே நல்லது. நேராக இறக்கி, ஆட்டாமல் அழுத்தி, நேராகத் தூக்குங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு கழிவுத் தாளில் குத்திப் பார்த்துவிட்டு அப்புறம் அட்டைக்கு வாருங்கள்.

ராகிக் கதிருக்கு, அடியில் ஒரு புள்ளியைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நடு விரலை இங்க் தொட்டு அழுத்தமாகக் குத்துங்கள். மறுபடி இங்க் தொடாமல் அதே ஸ்டாம்பைப் பக்கத்தில் சாய்த்துக் குத்தினால் வெளிறிய நிறத்தில் விழும், அது பின்னால் இருக்கிற விரல். மறுபடி இங்க், மறுபடி ஒரு வெளிறல் என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஐந்து விரலும் அடியில் ஒரே புள்ளியில் சேர வேண்டும். ஒரே இங்க், ஒரே ஸ்டாம்ப், ஆனால் கதிருக்கு முன்னும் பின்னும் வந்துவிடும். அடியிலிருந்து கீழே பேனாவால் ஒற்றைக் கோட்டில் தண்டு இழுத்தால் முடிந்தது, இலைகூட வேண்டாம்.

எங்கே குத்துவது? அட்டையின் நட்ட நடுவில் வைத்தால் பெரும்பாலும் விறைப்பாகத் தெரிகிறது. அகலத்தை மூன்றாகப் பிரித்து வலது கோட்டை ஒட்டிக் கதிரை நிறுத்துங்கள், தண்டு அட்டையின் கீழ் விளிம்பு வரைக்கும் போகட்டும். நடுவானில் தொங்கவிட்டால் படத்துக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. வாழ்த்து வரி படத்தின் ஏதாவது ஓர் எல்லையோடு ஒட்டி நிற்க வேண்டும், கதிரின் அடிமட்டத்துக்கு நேராக இடது பக்கத்தில் வைத்தால் சரியாக இருக்கும். குத்துவதற்கு முன், இரண்டையும் கழிவுத் தாளில் குத்திக் கத்தரித்து அட்டைமேல் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். இது முடிந்ததும் ‘மேல இன்னும் ஒண்ணு போட்டா என்ன’ என்று கை துறுதுறுக்கும். போடாதீர்கள்.

ராகிக் கதிர் பொங்கலுக்கு. அறுபதாம் கல்யாணம், பெரியவர்களின் பிறந்தநாள் என்றால் என் தேர்வு நெல்லிக்காய்தான். தகடூரை ஆண்ட அதியமான், தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தானே, நீண்ட ஆயுளுக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன படம் இருக்கிறது? அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. இதற்கு எதையும் செதுக்க வேண்டாம். பென்சிலின் பின்னால் இருக்கும் ரப்பரே வட்டம். இளம்பச்சை தொட்டு மூன்று வட்டம், ஒன்று முழுதாக, மற்றது கொஞ்சம் வெளிறி. காய்ந்ததும் காய்மேல் மேலிருந்து கீழாகக் கூரான பென்சிலால் இரண்டு மெல்லிய வளைகோடு, அப்புறம் ஒரு கிளைக் கோடு, அதில் இருபுறமும் பொடிப்பொடி இலை. சின்னக் குழந்தைகளுக்கும் இது வரும். அவர்களுக்கு வெண்டைக்காயும் கொடுத்துப் பாருங்கள், குறுக்கே நறுக்கித் துணியில் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுக் குத்தினால் பூ விழும். ஒற்றாமல் குத்தினால் கொழகொழப்பில் எல்லாம் கலைந்துவிடும்.

வேலை முடிந்ததும் ஸ்டாம்பை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், பாலிமர் கெட்டுப்போகும். செதுக்கிய ரப்பரை பிளாஸ்டிக் டப்பாவில் அப்படியே போட்டால் நாளடைவில் டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும், காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

உறை 114க்கு 162 மில்லிமீட்டர் அளவில் கேட்டு வாங்குங்கள், சி6 என்பார்கள். 300 ஜிஎஸ்எம்மில் பாதி ஏ4 ஒன்பதரை கிராம் சுமார் இருக்கும், உறையும் சேர்த்தால் பதினைந்து கிராமைத் தாண்டாது. சாதாரணத் தபாலுக்கு 20 கிராம் வரைக்கும் 5 ரூபாய் தபால்தலைதான். முத்தும் ரிப்பனும் ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கு நிற்காது, சீல் குத்தும்போது உறையும் கிழியும். உறைக்குள் போடும் முன் படத்தின்மேல் ஒரு பட்டர் பேப்பர் துண்டு வைத்துவிடுங்கள், முழுக்கக் காயாத இங்க் எதிர்ப்பக்கம் ஒட்டாது. உள்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, அதில் நாலு வரி எழுதுங்கள், ஊரில் மழை உண்டா, மா பூ வைத்ததா, யார் வந்து போனார்கள் என்று. முகவரியைக் கரையாத பேனாவால், பின்கோடு தெளிவாக எழுதி, பொங்கலுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் ஜனவரி முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிடுங்கள்.