தெசலோனிகில சாப்பிடப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

கிரீஸ்னாலே நம்மாளுங்க ஏதென்ஸ், சான்டோரினி ரெண்டோட நிறுத்திக்கிறாங்க. வடக்குல தெசலோனிகின்னு ஒரு துறைமுக ஊர் இருக்கு, அந்த நாட்டோட ரெண்டாவது பெரிய ஊரு, 2021ல யுனெஸ்கோ இதை உணவுக்கான நகரம்னு லிஸ்ட்ல சேர்த்தாங்க, கிரீஸ்ல அந்தப் பேரு முதல்ல கிடைச்சது இதுக்குத்தான். ஆனா அங்க போயிட்டு வந்து "சாப்பாடு ஓகேதான்பா, பெருசா ஒண்ணும் இல்ல"ன்னு சொல்ற ஆளுங்களும் நிறைய இருக்காங்க. அவங்க எங்க சாப்ட்டாங்கன்னு கேட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே காரியத்தைத்தான் பண்ணிருப்பாங்க. மெனு கார்டுல முப்பது ஐட்டம், போட்டோவோட, இருக்கிற ஒரு ரெஸ்டாரன்ட்ட புடிச்சு, மூணு நாளும் அந்த ஏரியாலயே சுத்திருப்பாங்க.

இந்த ஊர்ல அது வேலைக்கே ஆகாது. இங்க சாப்பாடு கடைவாரியாவும் நேரவாரியாவும் பிரிஞ்சு கெடக்கு. காலைல ஒரு கடை, மத்தியானம் வேற ஒரு மாதிரி கடை, ராத்திரி வேற, நடுராத்திரிக்கு மேல அதுக்குன்னே தனியா ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒரு வேலையைத்தான் செய்யும், அதை நல்லா செய்யும். அதனால "பெஸ்ட் ரெஸ்டாரன்ட் எது"ன்னு தேடாதீங்க, "இந்த ஐட்டத்தை எந்நேரத்துக்கு எங்க சாப்பிடுறாங்க"ன்னு தேடுங்க.

முதல் தப்பு காலைலயே ஆரம்பிச்சிடுது, ஓட்டல்ல ப்ரேக்ஃபாஸ்ட் ஃப்ரீன்னு அங்கயே சீரியலும் முட்டையும் சாப்ட்டு வயித்தை ரொப்பிக்கிறது. தெசலோனிகில காலை சாப்பாடுன்னா புகாட்சா. மெல்லிசான மாவுத்தாள் அடுக்குக்குள்ள க்ரீம் இல்லன்னா சீஸ் இல்லன்னா கொத்துக்கறி வெச்சு பேக் பண்றது. நல்ல கடையில மாவை மெஷின்ல உருட்ட மாட்டாங்க, எண்ணெய் தடவுன மேடைல ஒரு உருண்டையைத் தட்டி, ஓரத்தைப் புடிச்சு காத்துல வீசி வீசி விரிப்பாங்க, கீழ மேடை தெரியுற அளவுக்கு மெலிசாகும். தட்டு சூடா வெளிய வந்ததும் பெரிய கத்தியால தடதடன்னு சின்னத் துண்டா வெட்டி, க்ரீம் வெச்சதுன்னா மேல பொடிச்ச சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவிக் குடுப்பாங்க. இதை சாயந்தரம் நாலு மணிக்குப் போயி கேக்குறது நம்ம ஊர்ல அந்நேரத்துக்கு வெண்பொங்கல் கேக்குற மாதிரி. ஒண்ணு தீர்ந்து போயிருக்கும், இல்லன்னா காலைல வெட்டினது நமத்துப் போயி உக்காந்திருக்கும். இன்னொண்ணு, எல்லாரும் இனிப்பு மட்டும் வாங்கிட்டு வந்துடுறாங்க. ரெண்டு பேர் போனா ஒண்ணு க்ரீம் ஒண்ணு சீஸ்னு வாங்கிப் பாதிப் பாதி சாப்பிடுங்க, என்னைக் கேட்டா சீஸ்தான் ஒரு படி மேல. உக்காந்து சாப்பிட நேரமில்லன்னா தெருவுல வண்டி வெச்சு கூலூரி விப்பாங்க, எள்ளு ஒட்டின வளையம் மாதிரி ரொட்டி, அதை அன்னிக்குக் காலைலயே சாப்பிடணும், சாயந்தரம் வரைக்கும் பையில வெச்சா கட்டையாயிடும்.

அடுத்தது மார்க்கெட். மோதியானோ மார்க்கெட்னு ஒரு அழகான கட்டடம், 1920கள்ல எலி மோதியானோங்கிற யூத ஆர்க்கிடெக்ட் கட்டினது, ரொம்ப வருஷம் பாழடைஞ்சு கெடந்து 2022 கடைசில புதுப்பிச்சுத் திறந்தாங்க. எல்லாரும் அங்க போயி போட்டோ எடுத்துட்டு, ஒரு கிளாஸ் வைன் குடிச்சிட்டு, மார்க்கெட் பாத்தாச்சுன்னு கிளம்பிடுறாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா இப்ப அது மார்க்கெட்டை விட ஃபுட் கோர்ட்டுக்குத்தான் கிட்ட. ஊர்க்காரங்க இன்னும் கூவிக் கூவி மீன் விக்கிறது பக்கத்துலயே இருக்கிற கப்பானில. தொங்கவிட்ட ஆட்டுக்கறி, பீப்பாய்ல ஆலிவ், ஃப்ளோரினா ஊர்லேர்ந்து வர்ற நீளமான சிவப்பு மிளகாய், அப்புறம் புகோவோன்னு கரகரன்னு பொடிச்ச மிளகாத் தூள். கிரீஸ் சாப்பாடு சப்புன்னு இருக்கும்னு நெனைக்கிறவங்க அந்தப் புகோவோவ ஒரு பாக்கெட் வாங்கிக்குங்க, வடக்குல இவங்க அதை தாராளமாவே போடுவாங்க. மெட்ரோவும் 2024 நவம்பர் கடைசில ஓட ஆரம்பிச்சாச்சு, வெனிசெலு ஸ்டேஷன்ல எறங்கினா கொஞ்ச தூரம்தான். ஆனா சாயந்தரமோ ஞாயித்துக்கிழமையோ போனீங்கன்னா கறிக்கடை மீன்கடையெல்லாம் ஷட்டர் போட்டிருக்கும். காலைல போங்க.

மத்தியானத்துக்குத்தான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. கத்திரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கி பேக் பண்ற முசாக்கா, தக்காளிக்குள்ள அரிசி அடைச்ச கெமிஸ்தா, வெள்ளை பீன்ஸ், இந்த மாதிரி அடுப்புல பொறுமையா வேகுற ஐட்டமெல்லாம் மத்தியானச் சாப்பாடு. இதுக்குன்னு மாயிரியோன்னு வீட்டுச் சமையல் மெஸ் இருக்கு (சிரிக்காதீங்க, அவங்க பாஷைல சமையல் கடைக்கு அதுதான் பேரு). காலைல சமைச்சு பெரிய பெரிய தட்டுல கண்ணாடிக்குப் பின்னாடி வெச்சிருப்பாங்க, பாஷை தெரியலன்னா கவலையே இல்ல, நேரா போயி விரல நீட்டினா போதும். ஒரு மணிலேர்ந்து மூணு மணிக்குள்ள போயிடணும், அதுக்கு மேல நல்லதெல்லாம் காலி. அதே முசாக்காவ ராத்திரி பத்து மணிக்கு டூரிஸ்ட் கடையில ஆர்டர் பண்ணினா பெரும்பாலும் மைக்ரோவேவ்ல சூடு பண்ணினதுதான் வரும், அப்புறம் முசாக்கா நல்லாவே இல்லன்னு ரிவியூ வேற போடுவாங்க.

இங்க ஒரு விஷயம் சேத்து சொல்லணும், ஏன்னா இது தெரியாம போனா என்ன ஆர்டர் பண்றதுன்னே புரியாது. கிரேக்கச் சாப்பாடுன்னு நாம மனசுல வெச்சிருக்கிறது தீவுச் சாப்பாடு. தெசலோனிகி 1912 வரைக்கும் ஒட்டோமான் ஆட்சில இருந்த ஊர், 1492க்கு அப்புறம் ஸ்பெயின்லேர்ந்து துரத்தப்பட்ட யூதர்கள் பெரிய அளவுல இங்க வந்து குடியேறினாங்க, 1922–23ல துருக்கிப் பக்கத்துலேர்ந்து லட்சக்கணக்குல கிரேக்க அகதிகள் வடக்கு கிரீஸுக்கு வந்து சேந்தாங்க. அந்த யூத சமூகத்தை 1943ல நாஜிகள் ரயில்ல ஏத்தி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினாங்க, நாப்பதாயிரத்துக்கும் மேல, திரும்பி வந்தவங்க ரொம்பக் கொஞ்சம், அவங்க சமையலும் கடைத்தெருவுலேர்ந்து கிட்டத்தட்ட மறைஞ்சே போச்சு. அகதிங்க கொண்டு வந்த சமையல்தான் இன்னிக்கு இந்த ஊரோட ருசி. சீரகம் போட்டு தக்காளி சாஸ்ல வேகவைக்கிற கறி உருண்டை சுட்சுகாக்யா, ஸ்மிர்னாலேர்ந்து (இப்போ துருக்கியோட இஸ்மிர்) வந்தது, மசாலா தடவிக் காயவெச்ச கறி பஸ்துர்மா, நடு துருக்கில இருக்கிற கப்படோக்கியா பக்கம், தயிரும் கோதுமையும் சேத்த சூப்பு கருங்கடல் ஓரத்துலேர்ந்து வந்த பொந்தியக் கிரேக்கர்களோடது. அதனால மெனுல கிரீக் சாலட், கிரில்டு ஆக்டோபஸ்னு தெரிஞ்ச பேரா பாத்து டிக் அடிக்காம இந்தப் பேரையெல்லாம் தேடுங்க. வெயிட்டர்கிட்ட கேட்டா சந்தோஷமா சொல்லுவாங்க.

சாயந்தரம் ஆறரைக்கு டவர்னால (அவங்க ஊர் சாப்பாட்டுக் கடை) போயி உக்காந்தீங்கன்னா நீங்களும் இன்னும் ரெண்டு ஜெர்மன் குடும்பமும்தான் இருப்பீங்க. ஊர்க்காரங்க வர்றது ஒம்பதரைக்கு மேல. பசி தாங்கலன்னா நடுவுல ஒரு கீரோஸ் சாப்ட்டுக்குங்க, இங்க பெரும்பாலும் பன்னிக்கறி, உள்ள உருளைக்கிழங்கு வறுவலும் வெச்சு ரொட்டில சுருட்டித் தருவாங்க, அதுவே ஒரு சாப்பாடு அளவுக்கு இருக்கும்.

ராத்திரிக்கு லதாதிகா ஏரியாதான்னு எல்லா கைடும் சொல்லும். துறைமுகத்துப் பக்கம் பழைய ஆலிவ் எண்ணெய் குடோன்கள் இருந்த இடம், 1917ல ஊரையே எரிச்ச தீயில தப்பிச்ச கட்டடங்க, பாக்க நல்லாத்தான் இருக்கு. நல்ல கடையும் இருக்கு, ஆனா வாசல்ல நின்னு கையைப் புடிச்சு இழுக்காத குறையா கூப்பிடுறவன் கடைக்கு மட்டும் போகாதீங்க, கூட்டம் தானா வர்ற கடைக்கு ஆள் புடிக்கிற வேலை எதுக்கு. பதிலா பிட் பஜார்னு ஒரு முற்றம் இருக்கு, பகல்ல பழைய சாமான் கடை, ராத்திரி மேஜை போட்டு சிப்புரோங்கிற உள்ளூர் சரக்கு குடிக்கிற காலேஜ் பசங்க கூட்டம். இல்ல மேல ஏறி ஆனோ போலி, கோட்டைச் சுவர் பக்கத்துப் பழைய ஊர், சந்து சந்தா இருக்கும். மீனுக்குன்னா கலமரியாங்கிற கடலோரப் புறநகர் பக்கம். கடற்கரை ஓரமா இருக்கிற நீக்கிஸ் ரோட்டுக் கடையெல்லாம் காபிக்கு, ஒரு காபிய வெச்சுட்டு மூணு மணி நேரம் உக்காந்திருப்பாங்க, அங்க போயி சாப்பாடு தேடாதீங்க. (ஃப்ராப்பேங்கிற நுரை பொங்குற ஐஸ் காபி பொறந்ததே இந்த ஊர்லதான், 1957 பொருட்காட்சில நெஸ்லே ஸ்டால்ல ஒருத்தர் வெந்நீர் கிடைக்காம இன்ஸ்டன்ட் காபிய ஷேக்கர்ல போட்டுக் குலுக்கினாராம்.)

சிப்புரோவ ஷாட் அடிக்கிறது இன்னொரு தப்பு. அது திராட்சைச் சக்கைலேர்ந்து காய்ச்சுற சரக்கு, சும்மா இல்ல, ஏறிடும். சின்ன பாட்டில்ல வரும், சோம்பு வாசனை போட்டதா போடாததான்னு கேப்பாங்க, கூடவே சின்னச் சின்னத் தட்டுல மெசேன்னு தொட்டுக்கிற ஐட்டங்க, ஒரு வாய் சாப்பாடு ஒரு மடக்கு சரக்குன்னு ரெண்டு மணி நேரம் இழுக்கணும். ஆர்டர் பண்றதும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு ப்ளேட்டுன்னு கணக்குப் போட்டா மேஜை பத்தாது. ரெண்டு பேருக்கு மூணு தட்டு சொல்லுங்க, நடுவுல வெச்சு சாப்பிடுங்க, பத்தலன்னா இன்னொண்ணு. மஸ்ஸல் சிப்பி மட்டும் விட்டுடாதீங்க, கிரீஸ்ல பெரும்பகுதி இந்த ஊரை ஒட்டின தெர்மாய்க் வளைகுடாலதான் வளக்குறாங்க, அரிசியோட சேத்து செய்ற மீதோபிலாஃபோ, இல்லன்னா தக்காளி மிளகாய் ஃபெட்டா சீஸ் போட்ட சகனாக்கி. 2024 கோடைல கடல் தண்ணி 30 டிகிரியத் தாண்டி சிப்பியெல்லாம் கொத்துக் கொத்தா செத்துப் போச்சு, அதனால மெனுல இருந்தா உள்ளூர்ச் சரக்கா, இன்னிக்கு வந்ததான்னு கேட்டுக்கிட்டு சொல்லுங்க.

காசு விஷயம் வேகமா சொல்லிடறேன். மீன் விலை கிலோ கணக்குல போட்டிருக்கும், தட்டுக்கு இல்ல, அதனால சமைக்கறதுக்கு முன்னாடியே மீனைக் காட்டச் சொல்லி எடை போடச் சொல்லுங்க, அங்க இதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. மெனுல பேருக்குப் பக்கத்துல நட்சத்திரக் குறி இருந்தா பெரும்பாலும் ஃப்ரோசன்னு அர்த்தம், கீழ சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. கேக்காமலே வர்ற ரொட்டிக்கு தலைக்கு இவ்ளோன்னு பில்லுல ஏறும், வேணாம்னா வெச்ச உடனே சொல்லிடுங்க. குழாத் தண்ணி குடிக்கலாம். கடைசில நீங்க கேக்காமலே ரவை அல்வாவோ பழமோ வந்தா பதறாதீங்க, அது பெரும்பாலும் கடைக்காரர் உபயம்.

சைவம் சாப்பிடுறவங்க பயந்துக்கிட்டு பீட்சாக் கடைக்கு ஓடறாங்க, தேவையே இல்ல. பீன்ஸ், கீரை, கத்திரிக்கா, பட்டாணிப் பருப்பு ஃபாவான்னு எண்ணெய்ல சமைக்கிற காய்கறி ஐட்டமே ஒரு பக்கத்துக்கு இருக்கும். ஆனா ஒரு பொறி இருக்கு. "நிஸ்தீசிமோ"ன்னா விரதச் சாப்பாடு, கறி பால் முட்டை இருக்காதுன்னு சொல்லுவாங்க, சரிதான், ஆனா அவங்க விரதத்துல சிப்பி, ஆக்டோபஸ், கணவா எல்லாம் சாப்பிடலாம். அதனால விரதச் சாப்பாடுன்னு சொன்னதை நம்பி வாய வெச்சிடாதீங்க, கடல் ஐட்டமும் வேணாம்னு தனியா சொல்லணும். ரொட்டிக்குத் தொட்டுக்கிற தரமோசலாத்தா ரோஸ் கலர்ல சாதுவா இருக்கும், அது மீன் முட்டை. கெமிஸ்தாவுல சில கடைல கொத்துக்கறி போடுவாங்க. மாட்டுக்கறி தவிர்க்கிறவங்க முசாக்கா, சுட்சுகாக்யா ரெண்டையும் கேட்டுட்டு சாப்பிடுங்க.

மத்தவங்களுக்கு நடுராத்திரி இருக்கு. பட்சாஸ்னு குடல் சூப், அதுக்குன்னே தனிக் கடைங்க, பார்லேர்ந்து வர்ற பசங்களும் ராத்திரி ஷிப்ட் முடிஞ்ச டாக்ஸி டிரைவரும் ஒரே பெஞ்சுல உக்காந்து குடிப்பாங்க. குடலா, காலா, ரெண்டும் கலந்தான்னு கேட்டு, நீங்க சொன்ன அளவுக்கு உங்க கண்ணு முன்னாடியே பொடிசாவோ பெருசாவோ நறுக்கி கிண்ணத்துல போட்டு சூப்பை ஊத்துவாங்க. இங்க எல்லாரும் பண்ற தப்பு, வந்த உடனே ஒரு வாய் குடிச்சிட்டு மூஞ்சியைச் சுளிக்கிறது. அது அரைகுறைதான், மேஜைல பூண்டு ஊறின வினிகர் இருக்கும், புகோவோ இருக்கும், ரெண்டையும் தாராளமா போட்டாத்தான் அது பட்சாஸ். முதல் தடவைன்னா பொடிசா நறுக்கச் சொல்லுங்க.

இனிப்புக்கு ட்ரிகோனா. பனோராமாங்கிற மலைப்பக்கத்துப் புறநகர்ல ஆரம்பிச்சது, பாகுல ஊறின முக்கோண மாவுக் கூம்பு, உள்ள க்ரீம். வாங்கும்போதுதான் க்ரீம் அடைக்கணும், ஏற்கெனவே அடைச்சு அடுக்கி வெச்சிருந்தா அந்தக் கடைய விட்டுடுங்க. பெட்டி கட்டி ஃப்ளைட்ல கொண்டு போறேன்னு ஆசைப்படாதீங்க, ரெண்டு மணி நேரத்துல மொறுமொறுப்பு போயிடும், ஊருக்குக் கொண்டு போக எள்ளு அல்வா வாங்கிக்குங்க.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தேதியும் பாருங்க. ஆகஸ்ட் 15 மாதா பண்டிகை, அதைச் சுத்தி ஊரே காலியாகி ஹல்கிதிகி கடற்கரைக்குப் போயிடும், நான் மேல சொன்ன சின்னக் கடைங்கள்ல நெறைய, முக்கியமா அந்த மாயிரியோங்க, ரெண்டு வாரம் மூணு வாரம் பூட்டிட்டுப் போயிடுவாங்க, தொறந்திருக்கிறது டூரிஸ்ட் கடைதான் அதிகம். செப்டம்பர் கடைசியோ அக்டோபரோ போட்டுக்குங்க, வெயிலும் குறைஞ்சிருக்கும், கடையும் தொறந்திருக்கும்.