உப்புக்காற்று ஊரில் சண்டை ரோபோ: மோட்டாரையும் மின்பாகங்களையும் தேர்ந்தெடுக்கும் முறை

முதன்முதலாகச் சண்டை ரோபோ செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் மோட்டாரைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பிறகு அதற்குப் பொருந்தும் பேட்டரியைத் தேடுகிறார்கள். கடைசியில் கைக்குக் கிடைத்த ஒயரால் இரண்டையும் இணைத்துவிடுகிறார்கள். களத்தில் ரோபோ திடீரென்று நின்றுபோனால் மோட்டாருக்கு வலு போதவில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை இடையிலுள்ள ஏதோ ஒரு பாகமோ இணைப்போ தாங்காமல் போவதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். கீழக்கரை, மண்டபம், பாம்பன் போன்ற கடலோர ஊர்களில் அந்த இணைப்புகளை உப்புக்காற்றும் சேர்ந்து அரிக்கிறது. ஆகவே மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

கல்லூரி விழாக்களில் 8 கிலோ, 15 கிலோ பிரிவுகளே அதிகம் பேசப்பட்டாலும், முதல் ரோபோவை 1.36 கிலோ, அதாவது 3 பவுண்டு பிரிவில், சுழலும் ஆயுதம் இல்லாமல், முன்புறம் சரிவான தகடு வைத்துச் செய்யுங்கள். செலவு குறையும், விரல்களும் பத்திரமாக இருக்கும்.

படி 1: சக்கரத்திலிருந்து மோட்டாருக்கு

ரோபோவின் எடை 1.36 கிலோ, சக்கரத்தின் விட்டம் 5 செ.மீ., ரப்பர் சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு எண் சுமார் 0.8 என்று கொள்வோம். எடை முழுவதும் இரண்டு சக்கரங்களின் மேல் இருந்தாலும் அவை தரையைப் பற்றித் தள்ளக்கூடிய விசை 1.36 × 0.8, அதாவது ஏறத்தாழ 1.09 கிலோ விசைதான். அதற்கு மேல் மோட்டார் எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் வழுக்கும். சக்கரத்தின் ஆரம் 2.5 செ.மீ. என்பதால் மொத்த முறுக்குவிசை 2.7 கிலோ-செ.மீ., ஒரு மோட்டாருக்கு 1.36 கிலோ-செ.மீ. ஆகிறது. மோட்டார் அசையாமல் நிற்கும்போது தரும் முறுக்குவிசையைக் கடைக்காரர் 'ஸ்டால் டார்க்' என்பார். அது இந்த அளவைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல், அதாவது 3 கிலோ-செ.மீ. அளவில், இருக்குமாறு பாருங்கள்.

இந்த இரண்டு மடங்கு வலிமையை மட்டும் நோக்கியதன்று. எதிரியைத் தள்ளும்போது மோட்டார் நின்றுபோவதற்கு முன்பே சக்கரம் வழுக்கத் தொடங்கினால், மின்னோட்டம் உச்ச அளவை எட்டாமல் பாதி அளவிலேயே நின்றுவிடும். மோட்டார் சூடேறாது, பின்னால் வரும் பாகங்கள் அனைத்தும் பிழைத்துக்கொள்ளும். சக்கரத்தைப் பெரிதாக்கினாலோ, கியர் விகிதத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டினாலோ இந்தப் பாதுகாப்பு நழுவிப்போகும் என்பதை மனத்தில் வையுங்கள்.

வேகத்துக்கு, 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 1000 சுற்று சுழலும் மோட்டார் 5 செ.மீ. சக்கரத்துடன் விநாடிக்கு ஏறத்தாழ 2.6 மீட்டர் ஓடும். தொடக்கநிலையில் இது தாராளம். பிளாஸ்டிக் கியர் வேண்டாம், 25 மி.மீ. விட்டமுள்ள உலோக கியர் மோட்டார் போதும்.

படி 2: நின்றநிலை மின்னோட்டத்தை அளத்தல்

மலிவான மோட்டார்களுடன் வரும் விவரத்தாளை அப்படியே நம்பிவிட முடியாது. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டாரின் தண்டைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல நிலைகளில் மின்தடையை அளந்து, கிடைத்த மிகக் குறைந்த மதிப்பிலிருந்து முன்பு குறித்ததைக் கழியுங்கள். 2.4 ஓம் வந்தால், 12 வோல்ட்டில் நின்றநிலை மின்னோட்டம் 5 ஆம்பியர். இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து 10 ஆம்பியர். இனி வாங்கும் ஒவ்வொன்றும் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

படி 3: இ.எஸ்.சி., ஒயர், கனெக்டர்

இ.எஸ்.சி. எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒரு மோட்டாருக்கு 10 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கக்கூடியதாக இருக்கட்டும். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது சில விநாடி உச்ச அளவாகவும் இருக்கலாம் என்பதால் 'தொடர்ச்சி' என்ற எண்ணைத் தேடிப் படியுங்கள். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாருக்குரியதாகவும் முன்னும் பின்னும் ஓட்டக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும், டிரோனுக்கான இ.எஸ்.சி. இதற்கு உதவாது. இரண்டு இ.எஸ்.சி.களும், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு 5 வோல்ட் தருபவையாக இருந்தால், ஒன்றன் சிவப்பு ஒயரை மட்டும் ரிசீவர் பிளக்கிலிருந்து கழற்றி, முனையை மூடிவிடுங்கள்.

மோட்டார் ஒயருக்கு 18 கேஜ், பேட்டரி ஒயருக்கு 16 கேஜ் சிலிக்கான் ஒயரும், இணைப்புக்கு எக்ஸ்டி30 கனெக்டரும் போதும். மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்தால், பிரஷ்ஷிலிருந்து எழும் மின்இரைச்சல் ரிசீவரைத் தொல்லை செய்வது குறையும்.

படி 4: பேட்டரி

மூன்று செல் கொண்ட, 11.1 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி. மூன்று நிமிடப் போட்டியில் சராசரியாக 4 ஆம்பியர் செலவானால் 0.2 ஆம்பியர்-மணி போதும். ஆகவே 450 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி வாங்கலாம். அதன்மேல் 45சி என்றிருந்தால் 0.45 × 45 = 20 ஆம்பியர் தரும் என்பது பொருள். அந்த எண்ணைச் சற்றுக் கூட்டியே அச்சிடுவது சந்தை வழக்கம் என்றாலும், பாதியாகக் கொண்டாலும் நமது 10 ஆம்பியருக்கு ஈடுகொடுக்கும்.

செல்கள் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு ஏற்றும் சமநிலை சார்ஜரில் 0.45 ஆம்பியருக்கு மிகாமல் ஏற்றுங்கள்; செல் ஒன்று 4.2 வோல்ட்டைத் தாண்டவோ, 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவோ விடாதீர்கள்; சும்மா வைக்கும்போது 3.8 வோல்ட்டில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் பூட்டிய வண்டிக்குள் ஒருபோதும் விட்டுச்செல்லக் கூடாது. உப்பிய பேட்டரியை இனி எதற்கும் பயன்படுத்தாதீர்கள். சார்ஜ் ஏறும் இடத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும்.

உப்புக்காற்று

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. அந்தக் காற்றில்தான் நமது மெல்லிய செம்பு இழைகளும் கிடக்கின்றன. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் செம்பில் பச்சைக் களிம்பு படிகிறது; களிம்பு படிந்த இணைப்பின் மின்தடை கூடுகிறது; 10 ஆம்பியர் பாயும்போது 0.1 ஓம் கூடினாலே 10 வாட் வெப்பம் அந்தச் சிறு புள்ளியில் பிறக்கிறது. ஆகையால் ஒயர்களை முறுக்கி டேப் சுற்றுவது இங்கே கூடவே கூடாது. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதையே வாங்கி, சால்டர் செய்து, சால்டர் ஒட்ட உதவும் பிளக்ஸின் எச்சத்தைச் சுத்தமான ஆல்கஹாலால் துடைத்து, சூடாக்கினால் சுருங்கும், உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். குளியலறை விளிம்பில் பூசும், வினிகர் நெடியடிக்கும் சிலிக்கான் பசை அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டுச் செம்பை அரிப்பதால் மின்பாகங்களின் அருகில் அதைப் பூசாதீர்கள். உதிரிப் பாகங்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். கடற்கரை மணலில் ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். கியருக்குள் புகுந்த மணல் பற்களைத் தேய்த்துவிடும்.

ஆயுதம் பிறகு

சுழலும் ஆயுதத்துக்குப் பயன்படும், கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் கேவி என்று எழுதியிருக்கும் எண், ஒரு வோல்ட்டுக்கு அது சுமையின்றிச் சுழலும் வேகத்தைக் குறிக்கும். 1000 கேவி மோட்டார் 11.1 வோல்ட்டில் நிமிடத்துக்கு 11,100 சுற்று சுழலும். அதில் நேரடியாக 10 செ.மீ. வட்டை மாட்டினால் விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். வட்டையோ பல்லோ உடைந்து பறந்தால் என்ன ஆகும் என்பதை அந்த எண்ணே சொல்கிறது. தடித்த பாலிகார்பனேட் கூண்டும், ஆயுதத்தை அசையாமல் பிடிக்கும் பூட்டும் இல்லாத இடத்தில் இதை இயக்கக் கூடாது.

படி 5: முதல் ஓட்டம்

பேட்டரியின் சிவப்பு ஒயரில், வெளியிலிருந்து பிடுங்கக்கூடிய கனெக்டர் ஒன்றை அமையுங்கள். ரோபோவின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாவி அதுவே. அதை மாட்டுவதற்கு முன் நேர்முனையும் எதிர்முனையும் மாறவில்லை என்று மல்டிமீட்டரால் உறுதிசெய்யுங்கள். ரோபோவை ஒரு கட்டையின்மேல் தூக்கி வைத்து, சக்கரங்கள் சுழலும்போதே ரிமோட்டை அணையுங்கள். சக்கரங்கள் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால், ரிசீவரில் சிக்னல் அறுந்தால் நிறுத்தும் அமைப்பைச் சரிசெய்யும்வரை தரையில் இறக்காதீர்கள்.

அடுத்து, ஒரு கனமான பெட்டியைத் தள்ளியபடி மூன்று நிமிடம் ஓட்டி, சாவியைப் பிடுங்கிவிட்டு, மோட்டார், இ.எஸ்.சி., கனெக்டர், பேட்டரி என்று ஒவ்வொன்றின் சூட்டையும் புறங்கையை அருகில் கொண்டுசென்று பாருங்கள். மோட்டார் மட்டும் கொதித்தால் சக்கரத்தைச் சிறிதாக்குங்கள். கனெக்டர் கொதித்தால் அதன் சால்டரைப் பிரித்து மீண்டும் வையுங்கள். பேட்டரி கையில் பிடிக்க முடியாத அளவு சூடானால் அதைவிட ஒரு அளவு பெரிய பேட்டரியை வாங்குங்கள்.