குடும்பத்தோடு பாரிஸ் அருங்காட்சியகங்கள்: யாருக்கு இலவசம், யாருக்குச் சலுகை, எப்படி டிக்கெட் எடுப்பது?

எங்கள் முதல் பாரிஸ் பயணத்தில் நான்கு பேருக்கும் நான்கு மியூசியம் பாஸ், அதாவது பல அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து ஒரே அனுமதிச் சீட்டு, வாங்கிக்கொண்டு போனேன். ஆளுக்கொரு டிக்கெட் என்பதுதானே நம் பழக்கம். முதல் வாசலில் நின்ற பெண்மணி என் மகள் நீட்டிய பாஸைக் கையில் வாங்கக்கூட இல்லை. பிறந்த வருடத்தைக் கேட்டார், உள்ளே விட்டுவிட்டார். பதினெட்டு வயதுக்குக் கீழ் அங்கே கட்டணமே இல்லை என்று பாஸ் விற்ற முகவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் கொடுத்த பணம் போனது போனதுதான்.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. முதன்முறை போகிறவர்கள் இதே வரிசையில் செய்யலாம்.

படி 1: ஒரு தாளில் நான்கு விவரங்கள்

ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதுங்கள்: உள்ளே போகும் நாளில் வயது என்ன, எந்த நாட்டுக் குடிமகன், எந்த நாட்டில் வசிக்கிறார், மாணவரா இல்லையா. கட்டணம் முழுக்க இந்தத் தாளில்தான் இருக்கிறது.

மோனாலிசா இருக்கும் லூவ்ர் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் இலவசம். 18 முதல் 25 வரை உள்ளவர்களில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவர்களுக்கு மட்டும் இலவசம். அந்தப் பகுதி என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும். 2026 ஜனவரியிலிருந்து அதற்கு வெளியே இருந்து வரும் பெரியவர்களுக்கு 32 யூரோ. பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் இந்தக் கணக்கில் வெளியேதான் என்பதால், லண்டன் உறவினர்கள் சேர்ந்து வந்தாலும் அவர்களுக்கும் 32தான்.

அப்பா, அம்மா, கோவையில் பொறியியல் படிக்கும் 20 வயது மகன், 15 வயது மகள், 8 வயதுச் சின்னவன் என்று ஒரு குடும்பம் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு 64, மூத்தவனுக்கு 32, மற்ற இருவருக்கும் பூஜ்யம், ஆக 96 யூரோ. அதே மூத்த மகன் பிரான்சின் லியோன் நகரில் படித்துக்கொண்டு பிரெஞ்சு வசிப்பு அனுமதி வைத்திருந்தால் அவனுக்கும் பூஜ்யம், மொத்தம் 64.

கல்லூரி அடையாள அட்டை இங்கே உதவாது என்பதைப் பலரும் வாசலில் போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஐ.எஸ்.ஐ.சி. என்ற சர்வதேச மாணவர் அட்டைக்கும் லூவ்ரில் மதிப்பில்லை. பார்ப்பது வயதையும் வசிப்பிடத்தையும்தான். ஆனால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பயணம் ஸ்பெயினுக்கும் ரோமுக்கும் நீள்கிறது என்றால் அது கை கொடுக்கும். மாட்ரிட்டின் பிராடோவில் 18 முதல் 25 வயது வரையுள்ள மாணவர்களுக்கு இலவசம். வாத்திகன் அருங்காட்சியகங்களில் 25 வயது வரை மாணவர்களுக்குக் குறைந்த கட்டணம்.

படி 2: விடுமுறை நாளைப் பார்த்துக் கிழமை பிரித்தல்

லூவ்ர், ஒராஞ்சரி, கீமே ஆகிய மூன்று அருங்காட்சியகங்களும் செவ்வாய் மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. நவீனக் கலைக்கான பொம்பிடு மையம் புதுப்பிப்புப் பணிக்காக 2025இல் மூடப்பட்டது, 2030 வரை திறக்காது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி அதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

ஓர்சே வியாழக்கிழமை இரவு 9.45 வரை திறந்திருக்கும், மாலை 6 மணிக்குப் பிறகு கட்டணமும் குறையும். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே எல்லோருக்கும் இலவசம், முன்பதிவு மட்டும் வேண்டும். பணம் மிச்சமாகும்தான், ஆனால் அன்று கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி. தள்ளுவண்டிக் குழந்தையோடு நான் போக மாட்டேன்.

பாரிஸ் மாநகராட்சியின் அருங்காட்சியகங்களை நம்மவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். கலைப்பொருட்கள் நிறைந்த பெத்தி பலே, நகர வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே போன்றவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்கு யாருக்குமே கட்டணம் இல்லை. எந்த நாடு, எந்த வயது என்ற கேள்வியும் இல்லை. மழை பிடித்துக்கொண்டால் நுழைந்துவிடலாம். திங்கள் மட்டும் மூடல்.

படி 3: பாஸ் வேண்டுமா?

பாரிஸ் மியூசியம் பாஸ் 2, 4, 6 நாள் கணக்கில் வருகிறது. முதல் இடத்தில் நுழைந்த நேரத்திலிருந்து 48, 96, 144 மணி நேரம் ஓடும். பெரியவர்களுக்கு மட்டும் கணக்குப் போடுங்கள். நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். பாஸ் இருந்தாலும் லூவ்ருக்குத் தனியாக நேரம் பதிய வேண்டும். ஐஃபல் கோபுரம் இதில் சேராது. அங்கே 4 வயதுக்குக் கீழ் மட்டுமே இலவசம். 4 முதல் 11, 12 முதல் 24 என இரண்டு சலுகைப் பிரிவுகள் உண்டு. வசிப்பிடம் கேட்பதில்லை, ஆகையால் நம் கோவை மாணவனுக்கு இங்கே விலை குறையும்.

என் கணிப்பில், சிறு பிள்ளைகளோடு ஒரு நாளைக்கு ஓர் அருங்காட்சியகம்தான் ஓடும். அந்த வேகத்தில் பாஸ் லாபம் தராது. தனித்தனி டிக்கெட்டே போதும்.

படி 4: டிக்கெட் எடுக்கும் வரிசை

முதலில் விசா. லூவ்ர் டிக்கெட்டை எடுத்துவிட்டால் பணம் திரும்பாது. விசா கையில் வந்ததும், ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். காரணம் நம் ஓ.டி.பி.: அங்கே போய் உள்ளூர் சிம் போட்டபின் பணம் கட்ட முயன்றால், வங்கி அனுப்பும் எண் மேசை டிராயரில் கிடக்கும் பழைய சிம்முக்குப் போய்க்கொண்டிருக்கும். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைப்பதும் இந்தக் கட்டத்திலேயே.

தேடும்போது மேலே வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். இடைத்தரகர் தளங்களில் குழந்தைக்கும் ஒரு விலை காட்டினால் அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள். அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில், குழந்தைக்கு 0 யூரோ என்றே ஒரு டிக்கெட் இருக்கும். இலவசம்தானே என்று அதை விடக் கூடாது. நேரம் பதிவாவது அந்த டிக்கெட்டில்தான். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே பதிவில், ஒரே நேரத்துக்கு எடுங்கள்.

படி 5: வாசலில்

பிள்ளைகளின் வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும். பிறந்த தேதி இல்லாத பள்ளி அடையாள அட்டையைக் காட்டிப் பயனில்லை. லூவ்ருக்கு 55 × 35 × 20 செ.மீ.க்கு மேல் பெரிய பெட்டியோடு போனால் உள்ளே விட மாட்டார்கள். விமான நிலையத்திலிருந்து நேராகப் போகும் எண்ணம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். தள்ளுவண்டி அங்கேயே இலவசமாகக் கிடைக்கும்.

உள்ளே இரண்டு மணி நேரம், மூன்று இடம். லூவ்ரின் சல்லி என்ற பகுதியின் அடித்தளத்தில் பழைய கோட்டையின் அகழிச் சுவர் இருக்கிறது. அரண்மனைக்கு அடியில் கோட்டை என்றதும் பிள்ளைகளுக்குக் கால் வலி மறந்துவிடும். அடுத்து தானிஸ் ஸ்பிங்க்ஸ், சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட எகிப்தியக் கற்சிலை. கடைசியாகத்தான் மோனாலிசா. முன்வரிசைக்குப் போவதற்குள் சின்னவனைத் தோளில் தூக்க வேண்டியிருக்கும், அதற்கு மட்டும் தெம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் கீமே. ஆசியக் கலைகளுக்கான அந்த அருங்காட்சியகத்தின் இந்தியப் பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து போன 11ஆம் நூற்றாண்டு வெண்கல நடராஜர் நிற்கிறார். ஐரோப்பாவில் அதுவரை எல்லாவற்றுக்கும் விளக்கப் பலகை படித்துக்கொண்டிருந்த என் மகன், அங்கே மட்டும் பலகைப் பக்கமே போகவில்லை. காலடியில் கிடப்பவன் முயலகன் என்று பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரச் சிறுமிக்குக் கைஜாடையில் விளக்கிக்கொண்டிருந்தான். பிள்ளைகளுக்கு இங்கேயும் கட்டணம் இல்லை. முடித்துவிட்டு இட்லி தோசை வேண்டுமென்றால் லா ஷபேல் பகுதியில் ஈழத் தமிழர் உணவகங்கள் இருக்கின்றன. மெட்ரோ மாறிப் போக வேண்டும் என்பதால், பிள்ளைகள் பசி தாங்க மாட்டார்கள் என்றால் பையில் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள்.