ஹைடல்பெர்க்குக்குப் படிக்கப் போகும் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து ஜெர்மனியில் இருக்கிற ஹைடல்பெர்க்குக்கு மேல்படிப்புக்குக் கிளம்புகிறவர்களுக்காகவும், போன வாரம்தான் பெட்டியோடு போய் இறங்கியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம், காலேஜில் இங்கிலீஷ் என்று ஒரே நாளில் மூன்றையும் பேசி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் அங்கே எவ்வளவு கைகொடுக்கும் என்று எனக்கு முன்னால் போனவர்கள் யாரும் சொல்லவில்லை.

இன்னும் கிளம்பாதவர்களுக்கு முதலில். கோயம்புத்தூர் நமக்குக் கூப்பிடு தூரம், ஆனால் முகவரி கேரளத்தில் என்றால் விசா விஷயத்தில் நீங்கள் பெங்களூரு ஜெர்மன் துணைத் தூதரகத்தின் கீழ் வருவீர்கள். சென்னை, தமிழ்நாட்டு முகவரிக்காரர்களுக்கு. ஆதார் ஒரு பக்கமும் குடியிருப்பு இன்னொரு பக்கமுமாக இருக்கிற குடும்பங்கள் நம்மிடம் நிறைய, அதனால் முகவரிச் சான்றுகளை முன்கூட்டியே ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். ஷ்பெர்கோன்டோ என்ற முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த கணக்கு. அதிலிருந்து மாதம் 992 யூரோ உங்கள் கைக்கு வரும். ஆனால் இறங்கிய மறுநாளே வந்துவிடாது, அங்கே வங்கிக் கணக்கு திறந்து, காகிதங்கள் அனுப்பி, அப்புறம்தான் வரும். முதல் மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகப் பணம் எடுத்துக்கொண்டு போங்கள்.

போனதும் முதல் வேலை அன்மெல்டுங். குடியேறி 2 வாரத்துக்குள் ப்யூர்கர்அம்ட் என்ற நகர அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டோடு, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு படிவமும் வேண்டும். நம்மூரில் ரேஷன் கார்டு இல்லாமல் எதுவும் நகராது என்பார்களே, அந்த இடத்தில் அங்கே இந்தப் பதிவுதான். அதனால் அறை பார்க்கும்போதே "பதிவுக்குப் படிவம் தருவீர்களா" என்று கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அறை விஷயத்தில் இன்னொன்று. எனக்கு முதலில் கிடைத்த அறை போட்டோவில் மட்டும் இருந்த அறை. ஆற்றைப் பார்த்த ஜன்னல், மர மேஜை, வாடகையும் குறைவு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதாகவும் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் சொன்னதை நம்பி அட்வான்ஸ் அனுப்பினேன். அந்தப் பணம் அப்பா ஒரு மாதம் தென்னந்தோப்பில் பாடுபட்டுச் சேர்த்தது. திரும்பி வரவே இல்லை. அறையை நீங்களோ நீங்கள் நம்பும் ஒருவரோ நேரில் பார்க்கும் முன் ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள். பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியான அன்றைக்கே மாணவர் நல அமைப்பான ஷ்டுடீரண்டென்வெர்க் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள், வரிசை நீளம். தனியாரிடம் அட்வான்ஸ், அதாவது கௌட்சியோன், சட்டப்படி 3 மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது, அதையும் 3 தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

சாவி கிடைத்த அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வங்கி அட்டை, ரகசிய எண், காப்பீட்டுக் கடிதம், வரி எண் எல்லாமே தபாலில்தான் வரும், பெட்டியில் பெயர் இல்லை என்றால் தபால்காரர் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். வந்த கடிதம் எதையும் புரியவில்லை என்று ஓரமாக வைக்காதீர்கள். ருண்ட்ஃபுங்க்பைட்ராக் என்று ஒரு கடிதம் வரும், வானொலி தொலைக்காட்சிக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும், ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான், நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டி மற்றவர்கள் பங்கு கொடுக்கலாம். விசா முடியும் முன் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும், நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். 30 வயதுக்குள் இருந்தால் அரசு மருத்துவக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேருங்கள். அவசரத்துக்கு 112, ராத்திரியிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ டாக்டர் வேண்டுமென்றால் 116117.

ஊர் பழையது. பல்கலைக்கழகம் 1386-இல் தொடங்கியது, இன்றைய ஜெர்மனியில் அதுதான் மிகப் பழையது. பழைய நகரத்துத் தெருக்களில் நடந்தால் மேலே கோட்டை, கீழே நெக்கர் ஆறு. அறிவியல், மருத்துவம் படிப்பவர்களுக்கு வகுப்பு பெரும்பாலும் ஆற்றுக்கு வடக்கே நொயன்ஹைமர் ஃபெல்ட் வளாகத்தில், அவர்கள் பழைய நகரத்தில் அதிக வாடகை கொடுத்துக் குடியிருக்கத் தேவையில்லை. ஆறு பெருகினால் கரையோரத் தெருவில் தண்ணீர் ஏறும், பழைய பாலத்தின் வாசலில் வெள்ளம் வந்த உயரங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். நிலவறையில் அறை பார்க்கிறவர்கள் முதலில் போய் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் ஆகுஸ்டினர்காஸே என்ற தெருவில் மாணவர் சிறை இருக்கிறது. 1778 முதல் 1914 வரை, ராத்திரியில் கூச்சல் போட்ட மாணவர்களைப் பல்கலைக்கழகமே அங்கே அடைத்து வைத்தது. இப்போது அது அருங்காட்சியகம், ஆனால் ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஊருக்குப் போன் பேசும்போது நாம் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி மொழி. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஹைடல்பெர்க்கில் எல்லோரும் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள், வகுப்பும் இங்கிலீஷ், அறையில் தமிழ். இரண்டு வருடம் இப்படியே போய்விடும். படிப்பு முடிந்து வேலை தேடும்போதுதான் ஜெர்மன் இல்லாதது உறைக்கும். நம் பாட்டிமார் மலையாளம் எந்த வகுப்பில் படித்தார்கள்? சந்தையில் காய் விற்று, பஸ்ஸில் சண்டை போட்டு, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று கற்றார்கள். அதே வழிதான். ரொட்டிக் கடைக்காரம்மா இங்கிலீஷுக்கு மாறினால் "டாய்ச், பிட்டே" (ஜெர்மனில் பேசுங்கள், தயவுசெய்து) என்று சொல்லிவிட்டுத் தப்பும் தவறுமாகப் பேசுங்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள். நம் மலையாள டீச்சர் குண்டர்ட் என்ற பெயரைச் சொல்லியிருப்பார். 1814-இல் ஷ்டுட்கார்ட்டில் பிறந்தவர், ஹைடல்பெர்க் இருக்கிற அதே மாநிலம். 1836-இல் சென்னைக்கு வந்து முதலில் தமிழ் கற்றுத் திருநெல்வேலியிலும் சித்தூரிலும் (நம் சித்தூர் அல்ல, இப்போது ஆந்திரத்தில் இருப்பது) வேலை செய்து, பிறகு தலச்சேரிக்குப் போய், 1872-இல் மலையாள அகராதியே போட்டார். அவர் அங்கிருந்து வந்து நம் இரண்டு மொழியையும் கற்றிருக்கிறார், நமக்கு அவருடையது ஒன்றுதான் பாக்கி. கவிஞர் இக்பால்கூட 1907-இல் ஜெர்மன் கற்க ஹைடல்பெர்க்கில் தங்கியவர், ஆற்றங்கரையில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். மாலையில் நடக்க நல்ல இடம்.

வகுப்பு 10 மணி சி.டி. என்று போட்டிருந்தால் 10.15-க்குத் தொடங்கும், எஸ்.டி. என்றால் சரியாக 10. பாடம் முடிந்ததும் எல்லோரும் மேஜையைத் தட்டுவார்கள், அதுதான் அவர்களுடைய கைதட்டல். தேர்வுக்கு நீங்களே தனியாகப் பதிய வேண்டும், யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். பகுதிநேர வேலைக்கு வருடத்தில் 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வரை அனுமதி.

சாப்பாட்டுக்கு மார்ஷ்டால் மென்சா என்ற மாணவர் உணவகத்தில் மாணவர் அட்டை காட்டினால் விலை குறைவு. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், அரிசியும் பாலும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் அங்கே குளிரில் கட்டியாகிவிடும், அகல வாய் டப்பாவில் கொண்டு போங்கள். தாளித்தால் ஜன்னலை அகலத் திறந்து வைத்து 5 நிமிடம் காற்று விடுங்கள். குளிருக்குப் பயந்து மூடியே வைத்திருந்தால் சுவரில் பூஞ்சை பிடித்து அட்வான்ஸில் கழிப்பார்கள்.

நவம்பர் வந்ததும் நாலரை ஐந்து மணிக்கே இருட்டிவிடும், மனசும் கொஞ்சம் இருளும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றுவார்கள், அப்புறம் ஊருக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நீங்கள் மாலை 6 மணிக்குக் கூப்பிட்டால் அம்மாவுக்கு பத்தரை ஆகியிருக்கும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசுங்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு ஏங்கினால் பெர்க்ஹைம் பகுதியில் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனம் இருக்கிறது, 1962-இல் தொடங்கியது, அங்கே தமிழ் கற்பிக்கிறார்கள், நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. தமிழ் கற்கிற ஜெர்மன் மாணவருக்குப் பேசிப் பழக ஆள் வேண்டும், உங்களுக்கு ஜெர்மன் பேசிப் பழக ஆள் வேண்டும். முதல் மாதத்திலேயே அங்கே போய், வாரம் ஒரு மணி நேரம் சேர்ந்து பேச யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள்.