ஒத்திகை அறையில் ரெக்கார்டரை எங்கே வைப்பது

என் தம்பி டிரம்ஸ் வாசிக்கும் மெல்லிசைக் குழுவை நான்கு வருடமாகப் படம் பிடிக்கிறேன். முதல் வருட வீடியோக்கள் எல்லாம் போன் மைக்கில் எடுத்தவை. படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஸ்நேரில் (டிரம்ஸில் பளீரென்று ஒலிக்கும் சின்ன டிரம்) அடி விழும்போதெல்லாம் பாட்டு அமுங்கிப்போய் மெல்ல மேலே வரும். போன் தானாகவே லெவலை, அதாவது பதிவாகும் ஒலியின் அளவை, கூட்டிக் குறைப்பதன் வினை.

அப்புறம் ஒரு சின்னக் கை ரெக்கார்டர் வாங்கினேன். அதில் முதல் வேலை, ஆட்டோ லெவலை அணைப்பது. பதிவின் தரத்துக்கான அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பு. இருப்பதிலேயே சத்தமான பாட்டை வாசிக்கச் சொல்லி, ரெக்கார்டரின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி (பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி வெடிக்கும்) கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை, வையுங்கள். கூட்டத்தைப் பார்த்தால் என் தம்பிக்குக் கை நிற்காது, ஒத்திகையைவிட ஓங்கித்தான் அடிப்பான். குறைவாகப் பதிவானதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்; வெடித்த ஒலிக்கு வைத்தியம் கிடையாது.

எங்கள் ஒத்திகை அறை மொட்டை மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி. மூலையில் ரெக்கார்டரை வைத்தால் பேஸ் மட்டும் கும்மென்று திரண்டு நிற்கும். அதனால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் மெதுவாக நடப்பேன். குரலும் சிம்பலும் ஒன்றையொன்று மிதிக்காத இடம் ஒன்று அகப்படும். அங்கே ஸ்டாண்டு, தலைக்குச் சற்று மேலே. அப்படியும் குரல் எடுபடவில்லையென்றால் பாடகியின் ஸ்பீக்கரை ரெக்கார்டர் பக்கம் திருப்புங்கள். சுவரில் இரண்டு பழைய போர்வை, தரையில் ஜமக்காளம். ஃபேனை நிறுத்துங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.

மேடை வேறு கதை. மிக்சரிலிருந்து (எல்லா மைக்கும் வந்து சேரும் ஒலிக்கலவைப் பெட்டி) ஒரு ஒயர் வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். சின்ன மண்டபத்தில் டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் தாமே சத்தமாக இருப்பதால் சவுண்டு அண்ணன் அவற்றை அதிகம் ஏற்றியிருக்கமாட்டார். அந்த ஒயரில் குரலும் கீபோர்டும்தான் வரும். ஆகவே மிக்சர் ஒலி ஒன்று, கூடத்தின் ஒலி ஒன்று என இரண்டையும் எடுத்துப் பிறகு கலக்க வேண்டும். ஒயரைச் செருகுமுன் ரெக்கார்டர் 'லைன்' உள்ளீட்டில் (மிக்சர் அனுப்பும் வலுவான சிக்னலுக்கானது) இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு திருவிழாவில் 'மைக்' என்றே விட்டுவிட்டேன். மூன்று மணிநேரமும் கரகரப்பு!

இரண்டையும் கலக்கும்போது கூடத்தின் ஒலி பிந்தியிருக்கும். மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளி வைத்தால் சுமார் 50 மில்லிசெகண்ட். நொடிக்கு 25 பிரேம் வீடியோவில் ஒரு பிரேமுக்கும் மேல். ஒரு ஸ்நேர் அடியைப் பிடித்துப் பொருத்துங்கள், பாட்டுக்குப் பாட்டு. நீண்ட பதிவில் கேமராவும் ரெக்கார்டரும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிவிடும்.

புது பேட்டரி போடுங்கள். பட்டனை அழுத்தியதும் நொடிகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். சில ரெக்கார்டர்களில் முதல் அழுத்தலுக்குச் சிவப்பு விளக்கு சிமிட்டும், அவ்வளவுதான்; இரண்டாவது அழுத்தலில்தான் பதிவு தொடங்கும்.