எல்டிஎல் அஃபெரிசிஸ் பண்றப்போ கொலஸ்ட்ரால் மாத்திரையும் ஏன் வேணும், ரிப்போர்ட்ட எப்படி பார்க்கணும்

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அஃபெரிசிஸ்னு மிஷின்ல ரத்தத்த சுத்தம் பண்ணியாச்சே இனி மாத்திரை எதுக்குனு தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க.

பரம்பரையா கொலஸ்ட்ரால் எகிறுற குடும்பங்கள்ல சிலருக்கு எத்தன மாத்திரை போட்டாலும் எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் போதுமான அளவு இறங்காது, அதுலயும் அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த கோளாறு வந்திருந்தா சின்ன வயசுலயே 500-க்கு மேல போயிடும், முட்டி, முழங்கை, குதிகாலுக்கு மேலனு கட்டி கட்டியா வரும். இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் அஃபெரிசிஸ். பொதுவா ஒரு கையில இருந்து ரத்தத்த எடுத்து, மஞ்சளா இருக்கற பிளாஸ்மாவ பிரிச்சு, அதுல எல்டிஎல்ல பிடிச்சு வச்சுட்டு மிச்சத்த இன்னொரு கை வழியா திருப்பி ஏத்துவாங்க. 2-ல இருந்து 4 மணி நேரம் ஆகும், ரெண்டு கையிலயும் ஊசி இருக்கறதால மூக்கு அரிச்சாகூட பக்கத்துல ஒருத்தர் வேணும்.

ஒரே தடவையில எல்டிஎல் 60, 70 சதவீதம் வரைக்கும் இறங்கும். ஆனா கிணத்த இறைச்சா ஊத்து சும்மா இருக்குமா, மறுநாளே ஊற ஆரம்பிச்சிடும், அதனாலதான் வாரம் ஒருதடவையோ ரெண்டு வாரத்துக்கு ஒருதடவையோ போகணும். அந்த ஊறுற வேகத்த மட்டுப்படுத்துறதுதான் ஸ்டாட்டின்ங்கற கொலஸ்ட்ரால் மாத்திரையோட வேலை, கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கறத குறைச்சு, ரத்தத்துல இருக்கற எல்டிஎல்ல கல்லீரலே இழுத்துக்கற மாதிரி பண்ணும். எசெட்டிமைப்ங்கற இன்னொரு மாத்திரை குடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சுறத தடுக்கும். எல்டிஎல் மாதிரியே ரத்தக்குழாய கெடுக்கற லிப்போபுரோட்டீன் ஏ-னு இன்னொண்ணு இருக்கு, அத ஸ்டாட்டின் குறைக்காது, மிஷின் குறைக்கும். அதான் ரெண்டும் வேணும்ங்கறேன்.

இப்போ ரிப்போர்ட். முடிஞ்ச உடனே எடுத்த டெஸ்ட்ல 90-னு பார்த்து சந்தோஷப்படறது சகஜம், ஆனா அடுத்த தடவ ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்தது 300-னா உங்க ரத்தக்குழாய் அந்த ரெண்டு வாரமும் 90-ல இல்ல. ரெண்டையும் கூட்டி பாதியாக்குனா 195 வரும், அதுவும் தப்பு, ஏன்னா மொதல்ல வேகமா ஏறி அப்புறம்தான் மெதுவாகும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல கிட்டத்தட்ட முக்கால் பங்க, அதாவது 0.73 மடங்க, கீழ் நம்பரோட கூட்டுங்க, 210-க்கு 153, கூட 90, ஆக 243. இதுதான் உண்மையான சராசரிக்கு பக்கத்துல வரும், டாக்டர் மாத்திரைய கூட்டுறாரானு பார்க்கவும் இந்த நம்பரத்தான் கேளுங்க.

ரொம்ப முக்கியம், பிரஷருக்கு ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி மாத்திரை போடறீங்கன்னா முன்கூட்டியே சொல்லிடுங்க, மிஷின்ல எல்டிஎல்ல பிடிக்கற வடிகட்டி (column) சில வகையா இருந்து, அதோட இந்த மாத்திரை சேர்ந்தா பிரஷர் சடார்னு விழும், எப்போ நிறுத்தணும்னு அவங்க சொல்வாங்க. கொலஸ்ட்ரால குறைக்கற எவோலோகுமாப் மாதிரி ஊசி போடறவங்க அஃபெரிசிஸ் முடிஞ்சப்புறம் போடுங்க, முன்னாடி போட்டா மருந்தும் பிளாஸ்மாவோட போக வாய்ப்பு இருக்கு. அடிக்கடி போறவங்களுக்கு இரும்புச்சத்து குறையலாம், அப்பப்போ அதையும் செக் பண்ண சொல்லுங்க.

வீட்ல ஒரு நோட்டு போட்டு தேதி, முன்னாடி நம்பர், பின்னாடி நம்பர், அந்த வாரம் விட்டுப்போன மாத்திரை, இந்த நாலையும் எழுதிட்டு வாங்க.