ஆட்டுக்காது முதல் கருவாடு வரை: நாய்க்குக் காய்ந்த தீனி கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் செல்லப்பிராணிக் கடைகளில் காய வைத்த ஆட்டுக்காது, கோழிக்கால், எருமையின் மூச்சுக்குழல், புல்லி ஸ்டிக் (காளை அல்லது எருமைக் கிடாவின் ஆணுறுப்பைக் காய வைத்தது) எல்லாம் பாக்கெட்டில் கிடைக்கின்றன. கடித்து மெல்லுவது நாய்க்கு நல்லதுதான். பல்லில் படியும் அழுக்கு ஓரளவு தேயும், பொழுதும் போகும், செருப்பும் சோபாவும் தப்பிக்கும். ஆனால் அட்டையில் "இயற்கையானது" என்று அச்சடித்திருப்பதால் மட்டும் ஆபத்து விலகிவிடாது. நாயின் அளவுக்கு அது பொருந்துகிறதா, எவ்வளவு கெட்டி, எவ்வளவு காய்ந்திருக்கிறது, கொடுக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்பவைதான் முக்கியம்.

கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நாய் குச்சியை முன்னங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, தலையைச் சாய்த்து, பக்கப் பல்லால் அரைக்கும்வரை கவலையில்லை. குச்சி கட்டைவிரல் அளவுக்குக் குறைந்ததும் அதன் போக்கு மாறும். கால்களை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கும். துண்டைக் கடைவாயிலிருந்து நாக்கின் நடுவுக்குத் தள்ளும். அடுத்த நொடி விழுங்கிவிடும். தொண்டையில் சிக்குவதும் குடலை அடைப்பதும் பெரும்பாலும் இந்தக் கடைசித் துண்டுதான். அதனால் நடுத்தர நாய்க்கு 6, 7 சென்டிமீட்டர் மீதி இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். கையால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் சில நாய்கள் கடிக்கும், பல நாய்கள் அவசரமாக அப்படியே விழுங்கும். வேகவைத்த கோழித்துண்டையோ முட்டையையோ மூக்கருகே நீட்டினால் தானாக விட்டுவிடும். முதல் தடவை 10, 15 நிமிடம் போதும். மறுநாள் மலத்தில் மெல்லாத பெரிய துண்டுகள் தெரிந்தால் அந்த வகை உங்கள் நாய்க்கு ஒத்துவராது. வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி அறையில் கொடுங்கள். போட்டி என்று வந்துவிட்டால் எந்த நாயும் மெல்லாது, விழுங்கத்தான் பார்க்கும்.

அளவைப் பொறுத்தவரை, தீனி நாயின் வாய் அகலத்தைவிடக் கணிசமாக நீளமாக இருக்க வேண்டும். பொமரேனியன் அரைமணி நேரம் மெல்லும் கோழிக்காலை லாப்ரடார் இரண்டே கடியில் உள்ளே தள்ளிவிடும்.

பெரிய நாய்க்குக் கெட்டியான பொருள்தான் சரி என்று எருமைக்கொம்பு, குளம்பு, மாட்டின் தொடை எலும்பு ஆகியவற்றை வாங்குகிறவர்கள் அதிகம். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சிறிய பள்ளம்கூட விழவில்லை என்றால் அது பல்லை உடைக்கும். முக்கியமாக, மேல்தாடையில் பக்கவாட்டில் இருக்கும் பெரிய பல்லில் ஒரு பட்டை பிளந்து வந்துவிடும். நாய் வலியைக் காட்டிக்கொள்ளாது. ஒரு பக்கமாகவே சாப்பிடுவது, கண்ணுக்குக் கீழே வீக்கம் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரியவரும். மான்கொம்பு தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். பல் போவது ஒருபக்கம் இருக்க, 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரமே குற்றம்.

வெள்ளை வெளேரென்று முடிச்சுப் போட்டு எலும்பு வடிவில் தொங்குவது இந்த வகையே அல்ல. அது பதப்படுத்திய தோல். பெரிய துண்டாக விழுங்கினால் வயிற்றில் நீரை உறிஞ்சி ஊதும். அதைத் தவிர்ப்பதே நல்லது.

மூச்சுக்குழலில் பலர் அறியாத சிக்கல் ஒன்று உண்டு. தைராய்டு சுரப்பி மாட்டின் கழுத்தில் மூச்சுக்குழலை ஒட்டியே இருக்கிறது. வெட்டும்போது அதைச் சரியாக நீக்காவிட்டால் ஹார்மோன் தீனியோடு சேர்ந்து வரும். காய வைத்தாலும் வேகவைத்தாலும் அது அழியாது. தொடர்ந்து தின்னும் நாய் நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும், அதிகம் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், நிலைகொள்ளாமல் அலையும். குழலைச் சுற்றிச் சதை ஒட்டாமல் சுத்தமாக இருப்பதை மட்டும் வாங்குங்கள். தினமும் வேண்டாம். இந்த அறிகுறிகள் தெரிந்தால் தீனியை நிறுத்திவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நம் கடற்கரைக்கே உரிய தவறு கருவாடு. கடலூர் முதுநகரில் வாங்கிய உப்புக் கருவாட்டில் பாதியை நாய்க்குப் போடுவது இங்கே சர்வசாதாரணம். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 கிராம் உப்பு உள்ளே போனாலே நாய்க்கு வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம் தொடங்கலாம். 5 கிலோ நாய்க்கு அது 10 கிராம்தான். கடும் உப்புக் கருவாட்டில் சில துண்டுகளிலேயே அது சேர்ந்துவிடும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உப்பில்லாத நெத்திலியை எடுத்து, மணல் போக நாலைந்து முறை அலசி, அரைமணி ஊறவைத்து, வேகவைத்து, 10 கிலோ நாய்க்கு மூன்று நான்கு மீன் மட்டும் கொடுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரிக் கடற்கரைகளில் நாயை நடத்தும்போது கயிற்றைக் கையில் பிடித்தே இருங்கள். வலையிலிருந்து உதறிப்போட்ட பேத்தை மீன் (உடலை ஊதிக்கொள்ளும் நச்சு மீன்) மணலில் காய்ந்து கிடக்கலாம். அதன் நஞ்சு வெயிலில் காய்ந்தாலும் போகாது, உயிரையே எடுத்துவிடும்.

வீட்டில் செய்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். கிருமி சாக இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ், கோழியானால் 74 டிகிரி தொட வேண்டும். அதே சூடு எலும்பை நொறுங்கிக் குத்தும் சில்லாக மாற்றிவிடும். அதனால் வீட்டில் எலும்பில்லாததை மட்டும் செய்யுங்கள்: ஆட்டு நுரையீரல், சுவரொட்டி (மண்ணீரல்), கொஞ்சம் ஈரல். (ஈரலில் வைட்டமின் ஏ அதிகம், தினமும் கூடாது.) கறிக்கடையில் வாங்கும்போது நீர்க்கட்டி இருக்கிறதா என்று வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது நாடாப்புழுவின் கட்டி. பச்சையாகத் தின்ற நாயிடமிருந்து அந்தப் புழுவின் முட்டை வீட்டு மனிதர்களுக்கும் வந்துசேரும். கட்டி தெரிந்தால் முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். மீதியை உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, அரை சென்டிமீட்டர் பருமனில் அரிந்து, 70 டிகிரி ஓவனில் கதவைச் சற்றே திறந்துவைத்துக் காய வையுங்கள். வளைத்தால் பிளக்க வேண்டும், நடுவில் ஈரம் தெரியக் கூடாது. மொட்டைமாடி வெயிலை நம்ப வேண்டாம். நம் ஊர்க் கடற்காற்றில் மேலே காய்ந்து உள்ளே அழுகும், போதாக்குறைக்கு ஈ முட்டையிடும்.

அந்த ஈரக்காற்று கடையில் வாங்கியதையும் விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்த பாக்கெட் சில நாளிலேயே நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு துண்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ தெரிந்தால் சுரண்டிக் கொடுக்காதீர்கள், பாக்கெட்டையே எறியுங்கள். கடித்துவிட்டு மீதி வைத்த ஈரத்துண்டைத் துடைத்து ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடியுங்கள். இரவெல்லாம் தரையில் கிடந்தது குப்பைக்குத்தான்.

கலோரியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தின்பண்டம் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு அது ஏறக்குறைய 60 கலோரி. புல்லி ஸ்டிக்கில் ஒரு அங்குலத்துக்கு 9 முதல் 22 கலோரி வரை இருக்கும் என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஆறங்குலக் குச்சி ஒன்றே அந்த அளவைத் தாண்டிவிடலாம். கணைய அழற்சி வந்த நாய்க்குப் பன்றிக்காது போன்ற கொழுப்புள்ளவை கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு எதையும் மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள்.

2019-ல் அமெரிக்காவில் நாய்க்கான பன்றிக்காதுகளோடு தொடர்புடைய சால்மோனெல்லா தொற்று 150-க்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு வந்தது. எனவே தொட்ட கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பாய்மேல் வைத்துக் கடிக்க விடாதீர்கள்.

தொண்டையில் சிக்கினால் நாய் வாயை முன்னங்காலால் பிறாண்டும், ஓங்கரிக்கும், ஈறு நீலம் பாயும். வாயைத் திறந்து துண்டு தெரிந்தால் மட்டும் எடுங்கள், குருட்டாம்போக்கில் விரலை விட்டால் இன்னும் உள்ளே போகும். சிறிய நாயைப் பின்கால் தூக்கித் தலைகீழாகப் பிடியுங்கள். பெரிய நாய்க்கு விலா முடியும் இடத்துக்குக் கீழே இரு கையாலும் உள்நோக்கி மேலே அழுத்துங்கள். துண்டு வெளியே வந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். விழுங்கியதை வெளியே எடுக்க உப்புத்தண்ணீர் புகட்டுவதும், கீழே தள்ள வாழைப்பழம் ஊட்டுவதும் நிலைமையை மோசமாக்கும். தொடர் வாந்தி, சாப்பாட்டில் மனமின்மை, மலம் வராதது, வயிற்றைத் தொட்டால் முனகுவது ஆகியவை குடல் அடைப்பின் அறிகுறிகள். மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். புதுச்சேரியில் குருமாம்பேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரவில் எங்கே பார்ப்பார்கள் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். போகும்போது மீதித் துண்டையும் பாக்கெட்டையும் எடுத்துச் செல்லுங்கள், எக்ஸ்ரேயில் எதைத் தேடுவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.